தேதியைத் தள்ளிப்போடுவது எப்படி? மடத்துக்குளத்துக்காரர்களுக்கு ஒரு கையேடு

பழனியில் தைப்பூசம். வீட்டில் கிரகப்பிரவேசம். அண்ணனுக்குக் கல்யாணம், இணைச்சீருக்கு நிற்க வேண்டிய தங்கை நீங்கள். கம்பெனியில் ஷிப்மெண்ட். இவற்றில் எதன் தேதியையும் அசைக்க முடியாது. ஜோசியர் முகூர்த்தத்தை மாற்ற மாட்டார். மண்டபக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார். ஜெர்மனியில் இருக்கும் பையர் நமக்காகக் கண்டெய்னரை நிறுத்திவைக்க மாட்டார். ஊரிலேயே அசையக்கூடிய தேதி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உங்கள் அடிவயிற்றில் இருக்கிறது. அசைத்துவிடுவோம்.

இதற்கு மாத்திரை உண்டு. மோசமான மாத்திரை இல்லை. தகுந்த ஆளுக்கு, தகுந்த நாளில், தகுந்த அளவில் கொடுத்தால் பெரும்பாலும் வம்பில்லாமல் வேலை செய்துவிட்டுப் போய்விடும். அப்படிச் செய்ய நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு ஒரு மருத்துவரைப் பார்க்கலாம், அவர்களுக்கு இங்கே வேலையில்லை. மற்ற எல்லோருக்கும் வழிமுறை கீழே. பயப்படாதீர்கள். பாதிக்கு மேல் உங்களுக்குக் கைவந்த கலைதான்.

1. தேதியை எங்கும் எழுதிவைக்காதீர்கள்

உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரைப் பாருங்கள். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் மாட்டிய நாள், மகளிர் குழுத் தவணை, எருமைக்குச் சினை ஊசி போட்ட தேதி எல்லாம் பேனாவில் இருக்கும். எருமையின் தேதி இருக்கலாம். மகளின் தேதி இருக்கக் கூடாது, யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். "போன மாசம் அமாவாசை கழிச்சு ரெண்டு மூணு நாள் இருக்கும்" என்ற கணக்கு போதும்.

கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மாத்திரையை, வர வேண்டிய நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். சுற்று 21 நாளிலிருந்து 35 நாள் வரை எப்படியும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு மாசத்துக்கு மாசம் கொஞ்சம் நகரும். நாலைந்து மாதம் குறித்துவைத்தவருக்குத் தன் நாள் ஏறக்குறையத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சரியாகத் தொடங்கிவிடுவார். நமக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

முகூர்த்தம் குறிக்க உட்காரும்போதே பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு நாள் கேட்டுக்கொள்ளும் பாட்டிமார் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்து உள்ளே உட்கார வையுங்கள். மூன்று மாதம் முன்பே மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்து, ஜவுளி எடுத்து, பந்தக்கால் நட்ட அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தக் கேள்வி யாருக்காவது ஞாபகம் வர வேண்டும்: "ஏம்புள்ள, உனக்கு எப்போ?"

அன்றைக்குக் காலையிலேயே ஆகிவிட்டிருந்தால் இன்னும் நல்லது. அப்போதும் மாத்திரை வாங்குங்கள். வந்தபிறகு போட்டால் தள்ளிப்போட முடியாது என்பது மாத்திரைக்குத் தெரிந்திருக்கலாம், நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

2. வாங்குவதற்கு, சாப்பிடப் போகாத ஒருவரை அனுப்புங்கள்

தம்பி நல்ல தேர்வு. அப்பாவிடம் சொல்ல முடியாது, நீங்களே போனால் நால்ரோட்டில் நாலு பேர் பார்ப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு, கம்பெனி வண்டிகள் ஆள் இறக்கிவிட்டுப் போகும் நேரத்தில், மெடிக்கலில் கூட்டம் நெருக்கும்போது அனுப்புங்கள்.

"அண்ணா, தள்ளிப்போடற மாத்திர."

"எத்தன நாளைக்கு?"

"தெரியலீங்ணா. அக்கா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"அஞ்சு நாளைக்குத் தாறேன். மூணு வேளை."

விற்பனை முடிந்தது. எத்தனை நாளைக்கு என்று கேட்டாயிற்று. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. பதினாலு வயதா நாற்பத்து நாலு வயதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, போன மாதம் ஆபரேஷன் ஆனவரா, எதுவும் தெரியாது. தம்பியைக் கேட்டாலும் தெரியாது. தம்பியை அனுப்பியதன் முழுப் பயனும் இதுதான்.

இப்போது கத்திரிக்கோலைக் கவனியுங்கள். நாளைக்கு 3 வீதம் 5 நாளைக்கு 15 மாத்திரை. அட்டைக்கு 10. ஆகவே ஓர் அட்டை முழுதாக வரும், இன்னொன்றைப் பாதியாக வெட்டுவார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையில் தங்கும் பாதியில் இருக்குமாறு வெட்டுவது பழகிய கை. முழு அட்டையில் சிவப்புக் கோடும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. மாத்திரைகளை உதிர்த்துக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் 1-1-1 என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனி அது எந்த மருந்து என்று எந்த ஆஸ்பத்திரியாலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கவரில் இருப்பது அநேகமாக நோரெதிஸ்டிரோன், 5 மில்லிகிராம். பிரிமோலட்-என், ரெஜெஸ்ட்ரோன் என்று பல பெயர்களில் வருகிறது. தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

3. மருத்துவரைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்

சித்தியைக் கேளுங்கள். கம்பெனியில் பக்கத்து பவர் டேபிளில் துணி தைக்கும் அக்காவைக் கேளுங்கள். போன வருஷம் இதையே போட்டு "எனக்கு ஒண்ணுமே ஆகல" என்று சொன்ன நாத்தனாரைக் கேளுங்கள். ராத்திரி போர்வைக்குள் யூடியூபைக் கேளுங்கள். இவர்கள் பதில் மட்டும்தான் சொல்வார்கள். மருத்துவரிடம் உள்ள கோளாறு, அவர் திருப்பிக் கேட்பார். என்ன கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால்தான் ஒழுங்காகத் தப்பிக்க முடியும். ஆகவே பட்டியல்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்பார். நல்ல மருத்துவராக இருந்தால் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்பார், அது இன்னும் மோசம்.

காலில், நுரையீரலில் ரத்தம் எப்போதாவது உறைந்ததுண்டா? அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர் யாருக்காவது? "எங்க பெரியம்மா நாப்பது வயசுல திடீர்னு நெஞ்சைப் புடிச்சுட்டு உழுந்தாங்க" என்பது ஞாபகம் வந்தால் சொல்லாதீர்கள். குடும்ப ரகசியம்.

ஒற்றைத் தலைவலி உண்டா, வலி தொடங்குமுன் கண்ணில் மின்னல் போலக் கோடு கோடாகத் தெரியுமா? மஞ்சள்காமாலை வந்ததா, கல்லீரலில் குறை உண்டா? மார்பகப் புற்று? காரணம் தெரியாமல் நடுநடுவே ரத்தம் படுகிறதா? சமீபத்தில் ஆபரேஷன், காலில் மாவுக்கட்டு, நாள்கணக்கில் படுக்கை? எடை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு? கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா? வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறீர்களா? வலிப்பு மருந்துகளில் சிலவும் ரிஃபாம்பிசினும் இந்த ஹார்மோனின் பலத்தைக் குறைத்துவிடும்.

பாருங்கள், பத்து நிமிஷம் போய்விட்டது. மெடிக்கலில் அரை நிமிஷம்.

ரத்தக்கட்டைப் பற்றி மருத்துவர் ஏன் இப்படித் துருவுகிறார் என்றால், அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். நாளைக்கு 15 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன் உள்ளே போகும்போது அதில் சிறு பங்கை உடம்பு எத்தினைல் எஸ்ட்ரடையோலாக மாற்றிவிடுகிறது. கருத்தடை மாத்திரையில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன். ரத்தம் உறையும் போக்கை அது கொஞ்சம் கூட்டும். பெரும்பாலான பெண்களுக்கு அந்தக் கொஞ்சம் கண்ணுக்கே தெரியாது. ஏற்கெனவே உறையும் தன்மை உள்ள ஒருத்திக்கு அதுவே எமன். அந்த ஒருத்தி நீங்களா என்று அறியத்தான் இத்தனை கேள்வி. நீங்கள் இல்லை என்று நாத்தனார் சொல்லிவிட்டாரே.

போதாக்குறைக்கு மருத்துவர் வேறு வழியும் சொல்லிவிடக்கூடும். உறையும் ஆபத்து உள்ளவருக்கு மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் என்ற வேறு மாத்திரையை யோசிப்பார், அல்லது எதுவுமே வேண்டாம் என்பார். "வந்தா வரட்டுமேம்மா, நாப்கின் வெச்சுட்டு கல்யாணத்துக்குப் போக முடியாதா?" என்று கேட்டுவிட்டால் அப்புறம் வீட்டில் முகம் காட்ட முடியுமா?

4. மூன்று வேளை என்றால் முடிந்த வேளை

இந்த மாத்திரை வேலை செய்யும் விதம் எளிது. மாதத்தின் பின்பாதியில் உடம்பு சுரக்கும் புரொஜெஸ்டிரோன், கருப்பையின் உள்சுவரைப் பந்தல்கால் போலத் தாங்கி நிற்கிறது. கரு தங்கவில்லை என்றால் சுரப்பு இறங்கும், கால் பிடுங்கிய பந்தல் சரியும், அதுதான் மாதவிடாய். மாத்திரை செய்வது, கால் விழும் நேரத்தில் வேறொரு கால் கொடுப்பது. கொடுத்துக்கொண்டே இருக்கும்வரை நிற்கும். அதனால்தான் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே இடைவெளியில் மூன்று வேளை.

நாம் இதைத் திருத்திக்கொள்வோம். காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி, வெறும் வயிற்றில் ஒன்று. மத்தியான மாத்திரை வீட்டில் டிவி மேல் இருக்கும். எடுத்துப் போயிருந்தாலும் லைனில் உட்கார்ந்தபடி போட முடியாது, தண்ணீர் குடிக்கப் போனால் பீஸ் தேங்கும், சூப்பர்வைசர் பார்ப்பார். ராத்திரி ஓவர்டைம் முடித்து வந்து இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். மறுநாள் லேசாகக் கறை பட்டால் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். வயிறு உப்பி, தலை பாரமாகி, குமட்டி, மார்பு கனத்து, காரணமில்லாமல் அழுகை வந்தால் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப்போடச் சொல்லுங்கள்.

ஒரு சிறு வரலாறு, வேலைக்கு நடுவே. இந்த மருந்தை 1951 அக்டோபர் 15-ஆம் தேதி மெக்சிகோ நகரத்தில், சின்டெக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக உண்டாக்கியவர் லூயிஸ் மிராமோன்டஸ் என்ற இளைஞர், அப்போது மாணவர். கார்ல் ஜெராஸி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் இருவரும் அந்தக் குழுவை நடத்தியவர்கள். மூலப்பொருள் மெக்சிகோக் காட்டில் விளையும் ஒரு வள்ளிக்கிழங்கு வகையிலிருந்து எடுத்தது. வாய்வழி கொடுத்தால் வயிற்றில் அழியாமல் ரத்தத்தில் சேரும் ஹார்மோன் வேண்டும் என்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அது டிவி மேல் பத்திரமாக இருக்கிறது.

5. நிறுத்தாதீர்கள்

கல்யாணத்துக்காகத் தொடங்கியது. கல்யாணம் முடிந்தது. மறுவீடு இருக்கிறது. மறுவீடு முடிந்தால் குலதெய்வம் கோயிலில் பொங்கல். அடுத்த வெள்ளி திருமூர்த்தி மலை. அப்புறம் மாமியார் ஊரில் மாரியம்மன் நோன்பு சாட்டியாயிற்று, கம்பம் நட்டாயிற்று. ஒரு கவர் தீர்ந்தால் தம்பி இன்னொரு கவர் வாங்கி வருவான்.

பொதுவாகப் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம், அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் மருத்துவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், சிலருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்பார்கள். ஆக, எந்த நாளில் நிறுத்தினால் எந்த நாளில் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். காலண்டரில்தான் இடம் இல்லையே.

புதுப்பெண்ணுக்கு மட்டும் ஒரு தனி ஆலோசனை. மாத்திரை சாப்பிடுகிறோமே, இதுவே கருத்தடையும் ஆயிற்று என்று நம்பிவிடுங்கள். கருத்தடைக்கென்று இதை நம்பக் கூடாது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் "மாத்திர நல்லா புடிச்சிருக்குது" என்று சந்தோஷப்படுங்கள். மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனை அட்டை விற்கிறது, அதை வாங்கத் தம்பியை அனுப்ப முடியாது, ஆகவே வேண்டாம்.

அலமாரியில் அண்ணி விட்டுப்போன மாலா-என் அட்டை கிடந்தால் அதிலிருந்தும் நாலைந்து எடுத்துப் போடுங்கள். அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுப்பது. அட்டையில் 28 மாத்திரை, 21 ஹார்மோன், 7 வெறும் இரும்புச்சத்து. ஏற்கெனவே அதை மாதாமாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறவர், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இரும்புச்சத்து ஏழை விட்டுவிட்டு அடுத்த அட்டையை உடனே தொடங்கினால் அந்த மாதம் பெரும்பாலும் தள்ளிப்போகும். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறவரும் இல்லை, கேட்கப் போகிறவரும் இல்லை. எந்த ஏழு இரும்பு என்று தெரியாமல் அதையே எடுத்துப் போட்டாலும் ரத்தசோகைக்காவது நல்லது.

6. கம்பெனியில் கொடுப்பதை வாயில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்

பெயர் கேட்காதீர்கள். தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் 2019-இல் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலி என்றதும் வேலை இடத்திலேயே பெயர் ஒட்டாத மாத்திரை கொடுத்தார்கள் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அதனால் உடம்பு கெட்டது என்றவர்கள் பாதிக்கு மேல். அவை வலி மாத்திரைகள், நம் தள்ளிப்போடும் மாத்திரை இல்லை. இருந்தாலும் வாங்கும் கை ஒன்றுதான். பெயர் தெரியாத மாத்திரையைக் கேள்வி கேட்காமல் விழுங்கும் பயிற்சியை ஒரு முறை பெற்றுவிட்டால் அது மெடிக்கலிலும் உதவும், மாமியார் வீட்டிலும் உதவும்.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். பீகாரில் 1992-இல் அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு மாதம் 2 நாள் சிறப்பு விடுப்பு வந்தது. கர்நாடகம் 2025-இல் தனியார் ஆலைகளையும் சேர்த்து வருஷத்துக்கு 12 நாள் என்று முடிவெடுத்தது. இதெல்லாம் பீஸ் ரேட்டுக்கு ஒத்துவராத விஷயங்கள். பீஸ் ரேட்டில் லீவு என்பது உங்கள் காசு.

இன்னும் உறுதியான வழி வேண்டுமா? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கிருஷ்ணாபுரம் அமராவதி சர்க்கரை ஆலையைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கரும்பு வெட்டு புதிதில்லை. அங்கே புருஷன் பெண்சாதி இருவரையும் ஓர் அரிவாள் என்று கணக்கு வைத்து முன்பணம் கொடுத்து மேஸ்திரி கூட்டிப் போவார். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதாமாதம் நாள் தள்ளிப்போடும் தொல்லை எதற்கு என்று கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அரசு அமைத்த குழு 2019-இல் பீட் மாவட்டத்தில் கணக்கெடுத்த 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. பலர் நாற்பது வயதைத் தொடாதவர்கள். மாத்திரையும் வேண்டாம், காலண்டரும் வேண்டாம். தேதியைத் தள்ளிப்போடும் சிந்தனை இந்த இடத்தில்தான் முழுமை அடைகிறது.

7. சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்

மருந்து உங்களுக்காக இல்லை, சாமிக்காக. இப்படிச் சொல்லிவிட்டால் வீட்டில் மேல்பேச்சு கிடையாது.

2015-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் அன்றைய தலைவர் பிரயார் கோபாலகிருஷ்ணன், பெண்கள் சுத்தமாக இருக்கிறார்களா என்று சோதிக்கும் எந்திரம் வந்தால் அப்போது சபரிமலையில் அவர்களை விடுவது பற்றி யோசிக்கலாம் என்கிற மாதிரிப் பேசினார். நாடே கொதித்தது. மடத்துக்குளத்துக்கு அந்த எந்திரம் தேவைப்படவில்லை. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அத்தை இருக்கிறார்.

அதே கேரளத்தில், சபரிமலைக்குப் போகிறவர்கள் ரயில் இறங்கும் செங்கன்னூரில், பகவதிக்கே மாதவிடாய் வருவதாக ஐதீகம். திருப்பூத்து என்பார்கள். ஆனதும் நடையைச் சாத்திவிடுவார்கள். மூன்று நாள் ஓய்வு. நாலாம் நாள் பம்பையில் நீராட்டி, யானைமேல் ஏற்றி அழைத்து வருவார்கள். உற்சவத்துக்கு இடைஞ்சல் என்று அவளுக்கு யாரும் கவரில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை. அம்மனுக்கு நாள் வந்தால் கோயில் காத்திருக்கும். கும்பிடப் போகும் உங்களுக்கு நாள் வந்தால் நீங்கள்தான் காத்திருக்க வேண்டும்.

மேல்மருவத்தூர் பேச்சை எடுக்காதீர்கள். அங்கே எந்த நாளிலும் பெண்கள் கும்பிடலாம், கருவறைவரை போய்ப் பூஜை செய்யலாம் என்று பங்காரு அடிகளார் காலத்திலேயே ஆகிவிட்டது. நம் பக்கத்திலிருந்தும் செவ்வாடை கட்டி, இருமுடி தாங்கி வருஷா வருஷம் வண்டி வண்டியாகப் போகிறார்கள். வண்டியில் போகும் அதே அக்கா, ஊர் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்க மாத்திரை போடுவார். ஏன் என்று கேட்டால், "அந்தம்மா வேற, இந்தம்மா வேற" என்பார். இதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை.

ஹஜ் பயணத்துக்குப் போகும் பெண்கள் பலரும் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள். பயணத் தேதி பல மாதம் முன்பே தெரியும், மருத்துவப் பரிசோதனையும் அதில் ஒரு கட்டம். அதனால் அவர்களில் பலருக்கு முன்கூட்டியே கேட்டுப் போட வாய்ப்பு அமைந்துவிடுகிறது. பழனித் தைப்பூசத் தேதியும் வருஷம் தொடங்கும்போதே காலண்டரில் அச்சாகி வந்துவிடுகிறது என்பதை இங்கே குறிப்பிட்டால் நம் முறை கெட்டுவிடும்.

வயதுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளைக்கு, சுற்று இன்னும் ஒரு நிலைக்கு வராத பதிமூணு வயதில், வீட்டுப் பூஜைக்காக மாத்திரை கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கிறார்களே, அதுவே நம் வழிக்கு விரோதம்.

8. கால் வீங்கினால் தைலம் தேயுங்கள்

மாத்திரை போட்ட கையோடு வேனில் நீண்ட பயணம் கிளம்புங்கள். திருச்செந்தூர், நவக்கிரகக் கோயில்கள், ஒரே இரவில் எத்தனை முடியுமோ அத்தனை. வழியில் இறங்க இடம் இருக்காது என்பதால் பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்காதீர்கள். கால் மடக்கி, மடியில் குழந்தையை வைத்து, எட்டு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். உறைவதற்கு ரத்தத்துக்கும் கொஞ்சம் ஒத்தாசை வேண்டும் அல்லவா.

பிறகு ஒரு கால் மட்டும் கனக்கும். கெண்டைக்காலில் சூடு தெரியும். வேனில் உட்கார்ந்த வலி என்று சொல்லுங்கள். பழனிக்கு நடந்த வலி என்று சொல்லுங்கள். பவர் டேபிள் பெடல் மிதித்த வலி என்று சொல்லுங்கள். நம் ஊரில் கால் வலிக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. தைலம் தேய்த்து அழுத்தி உருவிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், மாத்திரையை மட்டும் சொல்லாதீர்கள்.

2025 ஆகஸ்டில் ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் ஒரு வலையொளிப் பேட்டியில் சொன்னது நாடு முழுக்கப் பரவியது. 18 வயதுப் பெண். வீட்டில் பூஜை என்று தள்ளிப்போட மாத்திரை போட்டிருக்கிறாள். காலும் தொடையும் வலித்து வீங்கவே தோழிகளோடு வந்திருக்கிறாள். ஸ்கேனில் ரத்தக்கட்டு தொப்புள் மட்டம்வரை ஏறியிருந்தது. உடனே சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் பேசியிருக்கிறார் மருத்துவர். காலையில் கூட்டி வருகிறோம் என்று பதில். ராத்திரி 2 மணி வாக்கில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

மாத்திரை போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஆவதில்லை. அதனால்தான் யாரும் யாரையும் கேட்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒன்றே ஒன்றை மட்டும் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் வீங்கினால், சிவந்து சூடாகி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சில் குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், இதுவரை வராத மாதிரித் தலை வலித்துப் பார்வை மங்கினால், அடுத்த மாத்திரையைப் போடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலை உருவிவிடாதீர்கள். உடுமலை அரசு மருத்துவமனையோ வேறு எதுவோ, போனதும் முதல் வார்த்தையாக, தள்ளிப்போடும் மாத்திரை போட்டேன், இத்தனை நாளாகப் போட்டேன் என்று சொல்லுங்கள். கவரில் மிச்சம் இருப்பதைக் கையோடு கொண்டுபோங்கள். "விடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.